பால்கார வீட்டுப் பிள்ளைகள்

பால்காரக்கா பாலில் தண்ணீர் கலந்ததில்லை. பேச்சில்தான் கலப்பார்.

மலாயாவின் ஈப்போ நகரத்தில் அவரை அறிந்த எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் இது. அவர் ஊற்றிய பாலைக் காய்ச்சி ஆறவைத்தால் ஆடை தோசை கனத்துக்கு நிற்கும். ஆனால் அவர் சொல்வதில் எது நடந்தது, எது அந்த நேரத்துக்கு உண்டானது என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது. வீட்டுக்காரர் எங்கே என்று எங்கள் அம்மா கேட்டபோது, தைப்பிங்கில் வேலை என்றார். பக்கத்து வீட்டில் கேட்டபோது, செத்துப் பத்து வருஷம் என்றார். கோயில் தர்மகர்த்தாவிடம், ஊருக்குப் போயிருக்கிறார், அடுத்த கப்பலில் வந்துவிடுவார் என்றார். மூன்றையும் ஒரே வாரத்தில் சொன்னார். மூன்றையும் சொல்லும்போது முகத்தில் ஒரே நிம்மதி இருந்தது.

உயரமான பெண். வயது நாற்பது இருக்கலாம். சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே தூக்கிச் செருகி, தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் பால் குடத்தைப் பிடிக்காமலே சுமந்து ஊர் ஓரத்துப் புந்தோங்கிலிருந்து நடந்து வருவார். வெற்றிலை போட்ட வாய். நடக்கும்போது பேசிக்கொண்டே வருவார்; ஆள் இல்லாவிட்டால் வீட்டில் விட்டுவந்த மாட்டைத் திட்டிக்கொண்டு வருவார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஐயா பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் அவர் பால்காரக்கா.

ஐயா என்றது என் தகப்பனாரை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பள்ளிக்கூடத்தை ஒட்டிய பலகை வீட்டில் ஐயா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். பால்காரக்கா எத்தனை தாராளமாகப் பொய் சொன்னாரோ, ஐயா அத்தனை கண்டிப்பாக உண்மை சொன்னார். பதிவேட்டில் ஒரு எழுத்துப் பிசகினால் சுரண்டி அழிக்கமாட்டார். பிசகியதைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கீழே கையெழுத்தும் வைப்பார். பொய் சொன்ன பிள்ளைக்கு அவர் பிரம்பு எடுத்ததில்லை. அந்தப் பிள்ளையோடு அன்று முழுவதும் பேசமாட்டார். எனக்கு அது இரண்டு முறை நடந்திருக்கிறது. மூன்றாம் முறை நடக்கக் கூடாது என்பதுதான் எட்டு வயதில் என் வாழ்க்கையின் பெரிய கவலை.

அப்போது ரப்பர் விலை விழுந்திருந்தது. தோட்டங்களில் பாலுக்கு மரம் சீவுவதைக் குறைத்தார்கள், ஆளையும் குறைத்தார்கள். தோட்டத்தில் வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். பாயும் பானையும் பிள்ளைகளுமாக ரயில் பாதை ஓரமாகவே நடந்து ஈப்போவுக்கு வந்தார்கள். சிலர் கோயில் மண்டபத்தில் படுத்தார்கள். சிலர் சரக்குக் கொட்டகையில். பெரும்பாலும் சந்தைக்குள், காய்கறிக்காரர்கள் கடை போடும் சிமெண்டு மேடைகளில். விடிந்ததும் கடைக்காரர்கள் தண்ணீர் ஊற்றி மேடையைக் கழுவுவார்கள். அதற்குள் எழுந்து பாயைச் சுருட்டிவிட வேண்டும். ஆண்கள் வேலை தேடிப் போவார்கள், பெண்கள் வீட்டுவேலை கேட்டுப் போவார்கள், பிள்ளைகள் தெருவில் நிற்கும்.

தெருவில் நின்ற பிள்ளைகளை முதலில் பார்த்தவர் பால்காரக்காதான் என்று சொல்லமாட்டேன். எல்லோரும் பார்த்தோம். அவர்தான் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தார்.

முதல் தடவை மூன்று பேர். பால் குடம் தலையில் இருக்க, இரண்டு பெண் பிள்ளைகளையும் ஒரு பையனையும் முன்னால் நடத்திக்கொண்டு வந்து ஐயாவின் மேசை முன் நிறுத்தினார்.

"வாத்தியாரையா, இந்த மூணு பேரையும் சேத்துக்குங்க."

"ஆற்றை பிள்ளையள்?" யாருடைய பிள்ளைகள் என்று கேட்டார் ஐயா.

"எங்கக்கா புள்ளைங்க."

ஐயா பதிவேட்டை எடுத்தார். "வயசு?"

"எட்டு."

"மூண்டு பேருக்குமோ?"

"மூணும் ஒரே பேறுகாலம், வாத்தியாரையா."

ஐயா மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தருக்கொருத்தர் சாயலே இல்லையே."

"அதை எங்கக்காகிட்டதான் கேக்கணும்."

நான் முதல் வரிசையில் இருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயாவுக்கு வரவில்லை. அவர் பையனிடம் குனிந்து, "தம்பி, நீங்கள் எங்கை இருக்கிறியள்?" என்று மெதுவாகத்தான் கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். பால்காரக்கா குடத்தை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, மேசைக்கும் பையனுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"புள்ளைங்ககிட்ட அதைக் கேக்காதீங்க. என்கிட்ட கேளுங்க. என் வீட்டுல இருக்கு. புந்தோங்ல."

"எனக்குத் தெரியும். சந்தைக்குள்ளை படுக்கிற பிள்ளையள் இவை." ஐயா பேனாவைக் கீழே வைத்தார். "வீடும் காப்பாளரும் இல்லாமல் ஒரு பிள்ளையைப் பதியேலாது. அது விதி. பதிவிலை பொய் எழுத என்னாலை ஏலாது."

"பொய் சொல்றது நான். நீங்க, நான் சொன்னதைத்தானே எழுதுறீங்க? அது எப்படிப் பொய்யாகும்?"

அப்போது ஒரு சின்னக் குரல் கேட்டது. மூவரில் ஒருத்தி, எண்ணெய் காணாத தலையும் பெரியவர்கள் சட்டையுமாக நின்றவள், கரும்பலகையில் எழுதியிருந்த பாடத்தைத் தனக்குத்தானே எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் ஒரு கொட்டகைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்தவளாம். ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்குப் போனாள். வாசித்து முடிக்கும்வரை ஐயா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவை எடுத்தார். வீடு என்ற கட்டத்தில், 'பால்கார வீடு, புந்தோங்' என்று எழுதினார்.

அவள் பெயர் பொன்னி. எனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று பிள்ளைகள் வந்தார்கள். எல்லாம் அக்கா பிள்ளைகள், தங்கை பிள்ளைகள், நாத்தனார் பிள்ளைகள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் பால்கார வீட்டுப் பிள்ளைகள் பதினேழு பேர் ஆகிவிட்டார்கள்.

சேர்த்துவிட்டதோடு அவர் வேலை முடியவில்லை. பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ஒரு பொதுக் குழாய் இருந்தது. முதல் மணி அடிப்பதற்கு முன் பதினேழு பேரையும் அங்கே நிறுத்தி முகம் கழுவி, காதுக்குள் விரல் விட்டுத் துடைத்து, தலை சீவி விடுவார். அவர் சீவினால் கண்ணில் தண்ணீர் வரும். தெரிந்த வீடுகளில் எல்லாம் பழைய சட்டை கேட்டு வாங்கிவைத்திருந்தார். என் சட்டை ஒன்று போய், ஒருநாள் பொன்னி மேல் வந்தது. எனக்கு அடையாளம் தெரிந்தது. அது அவளுக்கும் தெரிந்தது.

சிலேட்டுப் பலகையும் புத்தகமும் எங்கே வைப்பது என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது. சந்தையில் வைத்தால் உடையும், நனையும். முதல் மாதத்திலேயே நாலு பலகை உடைந்தது. பால்காரக்கா சந்தையில் கீரை விற்ற ஒரு சீனரிடம் போனார். அம்மாவோடு நானும் அப்போது அங்கே நின்றேன். பால்காரக்காவுக்கு மலாய் அரைகுறை, அந்தச் சீனருக்கும் அரைகுறை.

"தவுக்கே, இது சிம்பான் சினி. போலே?" முதலாளி, இங்கே வைத்துக்கொள்ள முடியுமா என்று, பலகைக் கட்டைக் காட்டிக் கேட்டார்.

சீனர் கட்டைப் பார்த்தார். "உன் பிள்ளைகளா எல்லாம்?" என்று மலாயில் கேட்டார்.

"எல்லாம் என் புள்ளைங்கதான்."

சீனர் அவர் வயிற்றைப் பார்த்தார், பலகைகளைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, கீரைக் கூடைகளுக்குப் பின்னால் ஒரு காலிப் பெட்டியை இழுத்து வைத்து, "போலே லா" என்று சம்மதித்தார். அதிலிருந்து அந்தப் பதினேழு பேரின் பலகைகளும் எப்போதும் கொஞ்சம் ஈரக் கீரை வாசத்தோடுதான் வரும்.

எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டே போக எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. ஒன்று சொல்ல வேண்டும். பதினேழு பேரில் ஒருத்தி பத்து நாள் வரவில்லை. அவள் தாய் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனதால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவளை நிறுத்திவிட்டாள். பால்காரக்கா சந்தை வாசலில் அந்தத் தாயைப் பிடித்து, கடைத்தெருவே கேட்கும்படி, "பெத்தவளா நீ? இவ வாழ்க்கையையும் பாத்திரத்துல போட்டுத் தேய்க்கப் போறியா?" என்று கத்தினார். அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். குழந்தையை எங்கே விடுவாள், வேலைக்குப் போகாவிட்டால் எதைத் தின்பார்கள் என்று பால்காரக்கா கேட்கவே இல்லை. மறுநாள் காலை எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவந்தபோது தலையில் குடமும் இடுப்பில் அந்தக் கைக்குழந்தையும் இருந்தன. அப்படியே பல மாதம் சுமந்தார். ஆனால் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அவள் அதற்குப் பிறகு பால்காரக்கா எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள்.

பள்ளிக்கூடப் பரிசோதகர் வந்தது அந்த வருஷக் கடைசியில். தைப்பிங்கிலிருந்து வந்து முதல்நாளே விடுதியில் தங்கியிருந்தார். எங்கள் ஆள்தான், தமிழர். வெள்ளைக் கோட்டு, தங்கக் கண்ணாடி. குரலை உயர்த்தாத மனிதர். பிள்ளைகளை வாசிக்கவைத்தார், கணக்குப் போடவைத்தார். பொன்னி வாசித்ததை, "நன்று, நன்று" என்று பாராட்டினார். பிறகு உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தார்.

விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். பக்கத்தைப் புரட்டினார். மறுபடி திரும்பி வந்தார்.

"இந்தப் பால்கார வீடு பெரிய மாளிகையோ? பதினேழு பிள்ளைகள் இருக்கிறார்களே!"

ஐயா எழுந்து நின்றார். "காப்பாளர் அப்பிடிச் சொன்னவ, சேர்."

"சொன்னார் சரி. நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை என்று சொன்னால் ஐயா கடமை தவறியவர் ஆவார். பார்த்தேன் என்று சொன்னால் பொய். பரிசோதகர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் யார் என்று அவருக்குக் காலையிலேயே சொல்லியிருந்தார்கள்.

"தலைமையாசிரியரின் மகள் பொய் சொல்லமாட்டாள். சொல்லம்மா, உன் பக்கத்தில் இருக்கும் இந்தப் பிள்ளை இரவில் எங்கே தூங்குகிறாள்?"

எனக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன் அம்மாவோடு வெள்ளென சந்தைக்குப் போனபோது, மேடையில் பொன்னி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாயின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஒரு பெரியவர் கேட்கிறார். ஐயா நிற்கிறார். பொய் சொன்னால் ஐயா பேசமாட்டார்.

"சந்தைக்குள்ளை படுக்கிறவள், சேர்" என்றேன்.

பொன்னி என்னைப் பார்க்கவில்லை. பலகையில் எழுதியிருந்ததை உள்ளங்கையால் துடைத்தாள். ஒன்றும் இல்லாத பலகையையும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் அது சந்தோஷமாக இல்லை என்று இப்போது நினைக்கிறேன். "விதி எனக்கும் உங்களுக்கும் ஒன்றுதான். பதினேழு பெயரையும் அடிக்க வேண்டியிருக்கும்" என்று ஐயாவிடம் சொன்னார்.

"எதுக்கு அடிக்கணும்?"

வாசலில் பால்காரக்கா நின்றார். இடுப்பில் அந்தக் கைக்குழந்தை. குழாயடியில் இருந்தவர் எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை.

"தொரை, வீடு இருக்கா இல்லையான்னு வந்து பாருங்க. பாக்காம அடிக்காதீங்க."

"எனக்கு நாலு மணிக்கு ரயில்."

"மூணு மணிக்கு வாங்க. ரயிலடி பக்கம்தான்."

பரிசோதகர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி. மூன்று மணிக்கு வருகிறேன்" என்றார்.

அப்போது மணி பத்து.

பரிசோதகர் விடுதிக்குப் போனதும் பால்காரக்கா மேசையருகில் வந்தார். அவர் பேசிய குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "வாத்தியாரையா, எனக்கு இருக்கிறது ஒரு அறை. அடுத்தது மாட்டுக் கொட்டகை. ஒம்போது மாடு நிக்குது. கூரை நல்ல கூரை. நீளமான கொட்டகை." கைக்குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார். "மாட்டை வெளிய கட்டிட்டா இடம் இருக்கு."

"மாரி காலமெல்லோ இது?" என்றார் ஐயா.

"நனைஞ்சா காயும். மாடுதானே."

பள்ளிக்கூட நேரத்தில் ஐயா ஒருநாளும் வெளியே போனதில்லை. அன்று மணியை அடித்துப் பள்ளிக்கூடத்தை விட்டார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புந்தோங்குக்கு நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம்.

அந்தக் கொட்டகையை நான் பார்த்தது அன்றுதான். அத்தாப்பு ஓலைக் கூரை, சிமெண்டுத் தரை, மூன்று பக்கம் பலகைச் சுவர். பால்காரக்கா ஒவ்வொரு மாடாக அவிழ்த்துக் கொண்டுபோய்க் கிந்தா ஆற்றங்கரை மேட்டில் கட்டினார். ஒவ்வொன்றையும் கட்டும்போது அதன் பெயரைச் சொல்லி ஏதோ பேசினார். ஐயா சாணிக் கூடையைத் தோளில் தூக்கினார். யாழ்ப்பாணத்தில் உள்ளவர்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! பெரிய பிள்ளைகள் தண்ணீர் சுமந்தார்கள், நாங்கள் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தோம். சந்தைக்கு ஆள் போயிற்று. வேலைக்குப் போகாத தாய்மார் பாயும் பானையுமாக வந்தார்கள். பால்காரக்கா தெருவில் வைத்துத் திட்டிய அந்தப் பெண்ணும் வந்தாள். யாரையும் பார்க்காமல், ஒரு மூலையில் அடுப்புக்குக் கல் கூட்டினாள். கீரைச் சீனர் ஒரு கைவண்டி நிறைய மரப்பலகை அனுப்பினார். கோணிச் சாக்கைப் பிரித்துக் குறுக்கே கட்டி, ஆறு குடும்பத்துக்கு ஆறு தடுப்பு ஆயிற்று. அடுப்புச் சாம்பலைத் தரையில் தூவி, மறுபடி கூட்டினோம். மாட்டு வாசம் மட்டும் போகவே இல்லை.

பொன்னி அன்று என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நின்ற பக்கம் வரவும் இல்லை.

மூன்று மணிக்கு ரிக்‌ஷா வந்து நின்றது. பரிசோதகர் வாசலில் குனிந்து உள்ளே வந்தார். ஒவ்வொரு தடுப்பாகப் பார்த்தார். ஒரு தடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்றில் அந்தக் கைக்குழந்தை தூங்கியது. பதினேழு பிள்ளைகளும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அவர் ஈரத் தரையைப் பார்த்தார், ஐயாவின் தோளில் காய்ந்திருந்த சாணிக் கறையைப் பார்த்தார்.

"இங்கே மாடு இருந்ததோ?"

"இருந்துச்சு" என்றார் பால்காரக்கா.

"எப்போது வரை?"

"பன்னெண்டு மணி வரைக்கும்."

இதைப் பொய்யாகச் சொல்லியிருக்கலாம். சொல்வார் என்றுதான் நாங்கள் எதிர்பார்த்தோம். ஐயாவே தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்.

"நாளைக்கு மாடு திரும்ப உள்ளே வருமோ?"

"வராது. என் புள்ளை இருக்கிற இடத்துல மாடு எப்படிக் கட்டுறது?"

பரிசோதகர் பதிவேட்டைக் கேட்டார். கையோடு கொண்டுவந்திருந்ததை ஐயா நீட்டினார். பரிசோதகர் அடுப்புக் கல் பக்கத்தில் நின்றபடியே அதைப் பிரித்து, பேனாவை எடுத்து, பதினேழு பெயருக்கு நேரேயும் சின்னதாகச் சரி என்று குறி போட்டார். "இன்று நான் பார்த்தபோது பதிவு சரியாக இருக்கிறது. நேற்றைப் பற்றி நான் கேட்கவில்லை" என்று ஐயாவிடம் சொன்னார். ரிக்‌ஷாவில் ஏறுமுன் திரும்பி, பால்காரக்காவைப் பார்த்துக் கையைக் கூப்பினார். அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை. கும்பிடத் தோன்றாத அளவுக்குக் களைத்திருந்தார்.

மாடுகள் திரும்ப உள்ளே வரவில்லை. அந்த மாரியில் இரண்டு மாடு சளி பிடித்துச் செத்தன. மற்றவற்றுக்குப் பால் வற்றியது. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு வேறு ஆள் பால் ஊற்றத் தொடங்கினார். பால்காரக்கா ஆற்றங்கரையில் நாலு கம்பு நட்டு ஒரு சாய்ப்பு இறக்கினார்; காற்று அதைத் தூக்கிப்போகும், மறுபடி நடுவார். இதைப் பற்றி யாராவது கேட்டால், "மாடுங்களுக்கு ஆத்தங்கரைக் காத்துதான் நல்லதுன்னு வைத்தியர் சொன்னாரு" என்பார்.

நான் அவருக்கு ஒளிந்து திரிந்தேன். பால் கொண்டுவரும் நேரம் தெரியும். அந்த நேரம் கிணற்றடிக்குப் போய்விடுவேன். ஒருநாள் அவர் கிணற்றடிக்கே வந்துவிட்டார். குடத்தை இறக்கிவைத்துவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"எதுக்கு பாப்பா ஓடுறே? கடிச்சிடுவேனா?"

நான் அழுதேன். என்னாலைதான் மாடு செத்தது என்றோ, அதுபோல் வேறு ஏதோ சொன்னேன். அவர் என்னை அணைக்கவோ கண்ணைத் துடைக்கவோ இல்லை. அந்த வழக்கம் அவருக்குக் கிடையாது. கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

"நீ சொன்னது சரின்னு நான் சொல்லமாட்டேன். அந்தப் புள்ளை பக்கத்துல வச்சுச் சொன்னே பாரு, அது தப்பு. பெரியவரு உன்கிட்ட கேட்டாரே, அது அதைவிடத் தப்பு." எழுந்து சும்மாட்டைச் சுருட்டினார். "ஆனா ஒண்ணு. ஒரு வருசமா என் வீடு, என் வீடுன்னு வாயால சொல்லிட்டு இருந்தேன். கொட்டகை அப்பவும் அங்கதான் இருந்துச்சு. ஒரு நாளாச்சும் அதுங்களை உள்ள வாங்கன்னு கூப்பிட்டேனா? பொய் சொன்னதோட போதும்னு இருந்துட்டேன்." குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதில் இது கலப்பில்லாதது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. இன்றும் சில சமயம் அதை எடுத்து யோசிப்பேன்.

ரப்பர் விலை மறுபடி ஏறியபோது குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தோட்டத்துக்குத் திரும்பின. பீடோர் பக்கம் சில, சுங்கை சிப்புட் பக்கம் சில. பள்ளிக்கூடம் இல்லாத தோட்டத்துக்குப் போனவர்களில் சிலர் பிள்ளைகளைக் கொட்டகையிலேயே விட்டுப் போனார்கள். பொன்னியின் தகப்பனும் அப்படி விட்டுப் போனார். மாதம் ஒருமுறை ரயிலில் வந்து பார்ப்பார். பொன்னி பள்ளிக்கூடத்தில் இருந்த எல்லா வகுப்பையும் முடித்தாள். பிற்காலத்தில் பத்துகாஜா ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, மருத்துவச்சியாகி, தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் போனாள். ஆனால் அந்தப் பரிசோதகர் வந்த நாளிலிருந்து ஒன்றரை வருஷம் அவள் என்னோடு பேசவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். என் பென்சிலைக் கேட்காமல் எடுப்பாள், கேட்காமல் திருப்பி வைப்பாள். பேசமாட்டாள்.

ஐயாவுக்குத் தைப்பிங்குக்கு மாற்றல் வந்தது. சாமான் கட்டிய அன்று மத்தியானம் நான் ஒருத்தியாகப் புந்தோங்குக்கு நடந்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையை அடைந்தபோது முழுக்க நனைந்திருந்தேன். வாசலில் பொன்னி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"மழையில ஏன் நிக்கிறே? எங்க வீட்டுக்குள்ள வா" என்றாள்.

உள்ளே பாய் விரித்தாள். துடைக்கத் துணி கொடுத்தாள். ஊருக்கு வந்த விருந்தாளிக்குச் செய்வதுபோல் கருப்பட்டிக் காப்பி போட்டு, கிண்ணத்தைத் துடைத்து, ஊற்றிக் கொடுத்தாள். நான் எதைச் சொல்ல வந்தேனோ அதைச் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. தைப்பிங்கில் மழை இதைவிட அதிகமாமே என்றாள். ஆமாம் என்றேன்.

அப்போது வெளியே யாரோ செருமுவது கேட்டது. பால்காரக்கா ஆற்றங்கரையிலிருந்து வந்திருந்தார். சேலை உடம்போடு ஒட்டியிருந்தது, கையில் அறுந்த மாட்டுக் கயிறு. கூரைத் தண்ணீர் தோளில் ஒழுக, இறவானத்துக்கு வெளியிலேயே நின்றார்.

"பொன்னி, உள்ள வரலாமா?" என்றார்.

"வாங்கக்கா" என்றாள் பொன்னி. அதற்குப் பிறகுதான் காலை உள்ளே வைத்தார்.

"அவங்க எப்பவும் அப்படித்தான். மாட்டை வெளிய கட்டுன அன்னையிலேருந்து, கேக்காம உள்ள வந்ததில்லை" என்று என் காதில் சொன்னாள்.